கண்ணாடிப் பாலம் ஆடலாமா?



நான் இரயில்வேயில் பாலங்கள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது கட்டடப் பொறியியலில் டிப்ளமோ. ஓய்வுக்குப் பிறகு மகன் குடும்பத்தோடு பத்துபஸ்திக்கு வந்து சேர்ந்தேன். இரயிலே இல்லாத தீவில் இரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கே தோன்றியது. ஆனால் எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் நின்று, குனிந்து, அடிப்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

2025 மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். ஹாடோவில் கப்பல் ஏறி, சென்னையில் இறங்கி, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடித்து முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களோடு சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். அவர் பத்துபஸ்தியிலேயே நாற்பது ஆண்டுகளாக இருப்பவர். புதிதாகத் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரையும் விட ஆசைப்பட்டவரும் அவர்தான்.

படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து பாலத்தில் கால் வைத்தோம். நல்ல கூட்டம். பேரன் குனிந்து காலுக்கடியில் அலையைப் பார்த்துக் குதிக்கிறான். பத்துப் பன்னிரண்டு அடி நடந்திருப்போம். சம்பந்தியம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சம்பந்தி, காலடியிலே நடுங்குதே. அன்னைக்கு மாதிரியே இருக்கு" என்றார்.

எந்த நாளைச் சொல்கிறார் என்று இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. அன்று வீட்டு வாசலில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டவர் அவர். அந்த நடுக்கம் மண்ணிலிருந்து போய்விட்டது. அவர் காலிலிருந்து போகவில்லை.

நான் உடனே, "ஒண்ணும் ஆகாது சம்பந்தி. இது முப்பத்தேழு கோடி ரூபாய்ப் பாலம். ஆயிரம் பேர் நின்னாலும் தாங்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. "உடையுமா?" என்று அவர் கேட்கவில்லை. "ஆடுதே" என்றுதான் சொன்னார். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இந்த வேறுபாட்டை எனக்கு ஒரு வாய்க்கால் பாலம் முன்பே கற்றுக்கொடுத்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாலத்தின் விவரம்

முதலில் இந்தப் பாலத்தைப் பற்றிச் சில தகவல்கள். விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் கணபதி ஸ்தபதி வடித்த 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், நடுவில் கடல் ஆழமில்லாமல் பாறைகளாக இருப்பதால், நீர்மட்டம் இறங்கினாலோ அலை சீறினாலோ சிலைக்குப் படகு போகாது. மண்டபத்தில் நின்றபடியே வள்ளுவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்க, சிலையின் வெள்ளி விழாவையொட்டி, 2024 டிசம்பர் 30 அன்று தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்தப் பாலத்தைத் திறந்துவைத்தார். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு 37 கோடி ரூபாய். வில்லும் நாணும் போன்ற அமைப்பு. மேலே வளைந்த எஃகு வில், கீழே நாண் போல இழுத்துப் பிடிக்கும் தளம், இரண்டையும் சேர்க்கும் தொங்கு கம்பிகள். வில் வெளியே விரியப் பார்க்கும், நாண் அதை உள்ளே இழுக்கும். அதனால் இரு கரைப் பாறைகளின் மேலும் பக்கவாட்டு அழுத்தம் அதிகம் விழுவதில்லை. கடல் நடுப் பாறைகளுக்கு ஏற்ற நல்ல தேர்வு என்றே சொல்வேன்.

இரண்டு கேள்விகள்

எந்தப் பாலத்தையும் பொறியாளர் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். முதல் கேள்வி, தாங்குமா? இதில் தவறினால் உயிர் போகும். 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்ததை மறக்க முடியாது. இரண்டாவது கேள்வி, பயன்படுமா? பாரத்தைத் தாங்கும் பாலமாகவே இருக்கலாம். ஆனால் நடப்பவருக்குத் தலை சுற்றினால், கால் தடுமாறினால், பயந்து திரும்பினால், அது கட்டிய காரியத்துக்கு உதவவில்லை என்றே பொருள்.

வீட்டில் ஆடும் நாற்காலி ஒன்று இருக்கும். அது ஒருநாளும் உடையாது. ஆனால் விருந்தாளி வந்தால் அதை எடுத்துப் போடமாட்டோம். நாற்காலிக்கு நாம் காட்டும் இந்த அக்கறையைப் பாலத்துக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் இரண்டாவது கேள்வி.

ஊஞ்சல் கணக்கு

பாலம் ஏன் ஆடுகிறது? ஊஞ்சலில் குழந்தையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் ஏறாது. அது திரும்பி வரும் நேரம் பார்த்து விரலால் தள்ளினாலே போதும், மேலே மேலே போகும். எல்லாப் பொருளுக்கும் இப்படிச் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. பாலத்துக்கும் உண்டு.

மனிதனுடைய நடைக்கும் ஒரு தாளம் இருக்கிறது. சாதாரணமாக நாம் விநாடிக்கு இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். பாலத்தின் தாளமும் விநாடிக்கு இரண்டாக இருந்துவிட்டால், ஒவ்வொரு அடியும் ஊஞ்சலைத் தள்ளும் விரலாகிவிடும். 1831இல் இங்கிலாந்தில் பிரௌட்டன் என்ற இடத்தில் 74 சிப்பாய்கள் அணிவகுத்துக் காலடி ஒன்றாக வைத்து நடந்தபோது தொங்குபாலமே இற்று விழுந்தது. பாலத்தில் ஏறும்போது அடி கலைத்து நடக்க வேண்டும் என்ற இராணுவ வழக்கத்துக்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

நம் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் அதிர்வு விநாடிக்குப் பல தடவை வரும், ஆனால் மிகச் சிறியது. அதிலே நாம் படுத்துத் தூங்கிவிடுகிறோம். கப்பல் புரளுவது மெதுவாக, ஆனால் பெரிதாக இருக்கும். அதில்தான் வாந்தி வருகிறது. ஆக, எவ்வளவு ஆடுகிறது என்பது மட்டும் கணக்கில்லை, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

ஐரோப்பிய விதிமுறைப்படி, நடைபாலத்தின் மேல்கீழ் அதிர்வு விநாடிக்கு ஐந்துக்கு மேலிருந்தால் மனிதர் நடை அதைப் பெரிதாக எழுப்பாது. அதற்குக் கீழே இருந்தால் சோதித்துப் பார்த்தாக வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு அந்த எல்லை இரண்டரை.

லண்டன் கற்ற பாடம்

இந்தக் கணக்கைப் பெரிய பொறியாளர்களும் ஒருமுறை தவறவிட்டார்கள். லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. மக்கள் வெள்ளம். பாலம் மேலும் கீழுமாக ஆடவில்லை, பக்கவாட்டில் ஆடியது. நாம் நடக்கும்போது இடது கால் ஒரு பக்கமும் வலது கால் மறு பக்கமும் தரையை லேசாகத் தள்ளுகின்றன. ஆகவே பக்கவாட்டுத் தாளம் விநாடிக்கு ஒன்று. பாலம் கொஞ்சம் அசைந்ததும் மக்கள் தடுமாறாமல் இருக்கக் காலை அகட்டி, அசைவுக்கு ஏற்றபடி அடி வைத்தார்கள். அது ஆட்டத்தை இன்னும் வளர்த்தது. இரண்டே நாளில் பாலத்தை மூடினார்கள்.

பிறகு ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். ஏறத்தாழ 150 பேர் வரை பாலம் பேசாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்ததும் ஆட்டம் திடீரென்று எழும்பியது. படிப்படியாக வளர்வதில்லை, ஒரு எல்லையைத் தாண்டியதும் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர் போன்ற தணிப்பான்களும், வில்சுருளில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் ஆடும் எடைகளுமாக ஏறத்தாழ 90 பொருத்தி, 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். பாலம் ஒருநாளும் விழும் நிலையில் இல்லை. தாங்கும் பாலம்தான், பயன்படாத பாலமாக இருந்தது.

கன்னியாகுமரிப் பாலத்துக்கு இந்தப் பக்கவாட்டுத் தொல்லை வருமா என்று கேட்டால், அமைப்பைப் பார்த்த அளவில் எனக்கு அச்சமில்லை. லண்டன் பாலத்தின் நடு இடைவெளி 144 மீட்டர், நடைதளத்தின் அகலம் 4 மீட்டர். அகலத்தைப் போல 36 மடங்கு நீளம். நம் பாலம் 77க்கு 10, எட்டு மடங்குகூட இல்லை. ஒல்லியான மூங்கிலும் அகலமான பலகையும் ஒன்றாக ஆடாது.

எவ்வளவு ஆடலாம்?

"ஆடவே கூடாது" என்று சொல்ல முடியாது. ஆடாத பாலம் உலகில் இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிரான்சு நாட்டில் 2006இல் வெளியான நடைபால வழிகாட்டி இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. அதிர்வின் முடுக்கத்தை அளக்கிறார்கள். மேல்கீழாக அரை மீட்டர் அளவுக்குள் இருந்தால் நடப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. அரையிலிருந்து ஒன்று வரை தெரியும், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து இரண்டரை வரை சங்கடம். அதற்கு மேல் ஏற்கத்தக்கதே அல்ல. பக்கவாட்டில் நாம் இன்னும் பலவீனமானவர்கள். கூட்டம் தன்னையறியாமல் அசைவோடு சேர்ந்துகொள்ளாதிருக்க 0.1க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இது எவ்வளவு சின்ன அளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு இரண்டு தடவை ஆடும் பாலத்தில் அரை மீட்டர் முடுக்கம் என்றால், தளம் நடுநிலையிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் ஏறி இறங்கும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம்! மனிதனின் பாதம் அவ்வளவு நுட்பமான கருவி. எனவே "எனக்கு ஆடுவது தெரிகிறது" என்று ஒருவர் சொன்னால் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கக் கூடாது. அவர் பாதம் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

கண்ணாடி என்றால் ஏன் வேறு?

அதே அசைவு கான்கிரீட் பாலத்தில் இருந்தால் பலர் கவனிக்கமாட்டார்கள். கண்ணாடியில் மட்டும் ஏன் கலங்குகிறோம்? இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, பாலத்தின் பக்கம். கண்ணாடிப் பலகை எடை கூட்டுமே தவிர, பாலத்தின் விறைப்பைப் பெரிதாகக் கூட்டாது. சட்டத்தில் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. எடை கூடி விறைப்பு கூடாவிட்டால் தாளம் மந்தமாகும், நடையின் தாளத்துக்கு அருகே இறங்கும். மேலும் எஃகுப் பாலம் ஆட ஆரம்பித்தால் அடங்க நேரமாகும். கான்கிரீட் சீக்கிரம் அடங்கும்.

இரண்டு, நம் பக்கம். நிற்கும்போது நம் உடம்பு எப்போதும் லேசாக அசைந்துகொண்டுதான் இருக்கிறது. அருகிலுள்ள அசையாத பொருளைக் கண் பிடித்துக்கொண்டு அந்த அசைவைத் திருத்துகிறது. காலடியில் தரைக்குப் பதில் தூரத்தில் அலை தெரிந்தால், அதுவும் அசையும் அலை தெரிந்தால், கண்ணுக்குப் பிடி இல்லை. உடம்பு கூடுதலாக ஆடுகிறது. பாலத்தின் மூன்று மில்லிமீட்டரும் நம் உடம்பின் ஆட்டமும் சேர்ந்து, தரை நடுங்குவதாகவே தோன்றும்.

ஆகவே கண்ணாடி நடைபாதைக்கு, சாதாரணப் பாலத்தை விடக் கடுமையான அளவு வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

உடையும் பயத்துக்கும் ஒரு வார்த்தை. இத்தகைய பாலங்களில் போடுவது ஒற்றைக் கண்ணாடி அல்ல. கடினமாக்கிய கண்ணாடித் தகடுகளை நடுவே பிசின் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. ஒரு தகடு விரிந்தாலும் மற்றவை தாங்கும், சில்லுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் வந்துபோன சில மாதங்களில், பராமரிப்பு வேலையின்போது மேலிருந்து சுத்தியல் விழுந்து ஒரு பலகையில் விரிசல் கண்டது என்ற செய்தி வந்தது. "பாலமே உடைந்துவிட்டதாமே" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். ஒரு பலகை விரிந்தது வேறு, பாலம் உடைவது வேறு.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் பாலத்தின் ஓர் உறுப்புதான். சீனாவில் சாங்ஜியாஜியேயில் 430 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2016 ஆகஸ்ட் 20 அன்று திறந்து பதின்மூன்றாம் நாளே மூடப்பட்டது. பாலத்தில் பழுது எதுவுமில்லை. நாளுக்கு 8,000 பேர் என்று கணக்கிட்ட இடத்துக்கு அதைப் போலப் பத்து மடங்கு கூட்டம் வந்ததுதான் காரணம். கேரளத்தில் வாகமண் கண்ணாடிப் பாலத்தை 2023இல் திறந்தபோது ஒரு தடவைக்குப் பதினைந்து பேரை மட்டுமே விட்டார்கள். சுற்றுலா வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். பொறியாளனுக்கு அது நல்ல செய்தி.

வாய்க்கால் பாலம் கற்றுக்கொடுத்தது

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன பாலம். பணியில் இருந்தபோது ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊரும் கட்டியவரும் இங்கே வேண்டாம். பெரிய வாய்க்காலின் மேல் புதிதாக ஓர் இரும்பு நடைபாலம். ஆனால் பெண்கள் பாலத்தை விட்டு, பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். "அது ஆடுதுங்க. தலையிலே சுமையை வச்சுக்கிட்டு அதிலே நடக்க முடியாது" என்றார்கள். கட்டியவர்களைக் கேட்டால், "கணக்கெல்லாம் சரி, லாரியே தாங்கும்" என்றார்கள். அந்த மழைக்காலத்தில் ஓர் அம்மாள் புல்லுக்கட்டோடு வாய்க்காலில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. தலைக்கு மேலே பாலம் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் கூப்பிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கருவி எதுவும் இல்லை. ஒரு பையனைப் பாலத்தின் நடுவில் ஒரே ஒரு குதி குதிக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆட்டத்தை எண்ணினேன். பத்து விநாடியில் இருபது. நடையின் தாளமே! பிறகு கரைக்குக் கரை நூல் பிடித்துப் பார்த்தேன். நேராகக் கட்டிய பாலம் தன் எடையிலேயே நடுவில் எட்டு சென்டிமீட்டர் தொய்ந்திருந்தது. எங்கள் தொழிலில் ஓர் எளிய கணக்கு உண்டு. தொய்வை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் பதினெட்டை வகுத்தால் பாலத்தின் தாளம் கிடைக்கும். 80க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 9. பதினெட்டை ஒன்பதால் வகுத்தால் 2. நூலும் கடிகாரமும் ஒரே பதிலைச் சொல்லின.

வைத்தியம் பெரிதல்ல. இரு கரையிலிருந்தும் சாய்வாக இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். தாங்கலில்லாத நீளம் ஏறக்குறைய பாதியாயிற்று. நீளம் பாதியானால் தாளம் நான்கு மடங்கு வேகமாகும். மறுபடி பையன் குதித்தபோது ஆட்டத்தைக் கண்ணால் எண்ண முடியவில்லை. அடுத்த வாரமே பெண்கள் பாலத்தில் நடந்தார்கள். வலிமையைக் கூட்டியதற்காக அல்ல, நடுக்கத்தை நிறுத்தியதற்காக.

இரயில் பாலங்களிலும் அதிர்வுதான் முதலில் பேசும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் உணர்கருவிகள் அபாய அளவைக் காட்டியதால்தான் இரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழைய பாலம் விழும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அது நடுங்கிச் சொன்னதைக் கேட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியது

ஒரு வேண்டுகோள். கண்ணாடிப் பாலங்களின் வாசலில் நீளம், அகலம், செலவு, திறந்தவர் பெயர் எல்லாம் பலகையில் இருக்கின்றன. அதோடு இன்னும் இரண்டு வரி எழுதலாம். கூட்டம் இருக்கும்போது அளந்த அதிர்வு எவ்வளவு, எந்த மாதம் அளந்தது? ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுமதி? திறப்பதற்கு முன் ஒருமுறை அளந்தால் போதாது. கடற்காற்றில் இரும்பு அரிக்கும், மூட்டுகள் தளரும். ஆண்டுதோறும் அளக்க வேண்டும். அளவு மாறினால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நம் அன்பர்கள் ஊருக்குப் போகும்போது குமரிமுனைக்கும் போவீர்கள். வயதானவர்களைக் காலை நேரத்தில், கூட்டம் சேருமுன் அழைத்துப் போங்கள். காலடியைப் பார்க்காமல் தூரத்தில் அசையாத சிலையைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். பிள்ளைகள் கும்பலாகச் சேர்ந்து தாளம் போட்டுக் குதித்தால் தடுத்து நிறுத்துங்கள். விளையாட்டுதான், ஆனால் பக்கத்தில் நிற்பவர் மனதில் எது புரளுகிறது என்று நமக்குத் தெரியாது.

சம்பந்தியம்மா அன்று பாலத்தைக் கடக்கவில்லை. என் மனைவி, "மதினி, என் கையைப் பிடிச்சுக்கிடுங்க, மெதுவாப் போவோம்" என்று அழைத்துப் பார்த்தாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேருந்தே வள்ளுவரைப் பார்த்துக்கிடுதேன்" என்று மண்டபத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் போய்வந்தோம். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

பத்துபஸ்திக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் மாலை, ஊஞ்சல் கணக்கையும் ஒரு ரூபாய் நாணயக் கணக்கையும் அவருக்கு நிதானமாகச் சொன்னேன். நாணயம் இரண்டைக் கையில் அடுக்கி வைத்துப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்குத் தோணினது பொய் இல்லையே?" என்று கேட்டார்.

"பொய் இல்லை சம்பந்தி. ஆடத்தான் செய்தது. ஆடலாம் என்கிற அளவுக்குள்ளே ஆடியிருக்கும்" என்றேன்.

"ஆடலேன்னு நீங்க சாதிச்சிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். அடுத்த தடவை காலையிலேயே போவோம்" என்றார்.

அடுத்த விடுமுறைக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும். கிடைத்தால், நாணயம் இரண்டையும் சட்டைப் பையில் எடுத்துப் போவதாக இருக்கிறேன்.